வைடா மூனி

பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
எதுவும் அகப்படாவிட்டால் பாதி.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வி.ஆர்.எஸ். வாங்கியபின்
பிறத்தியார் வம்சத்தைத் தேடிப் பிழைக்கிறேன்
பெங்களூர் கன்டோன்மென்ட் கல்லறைகளில்,
பூச்சி அரித்த திருமணப் பதிவேடுகளில்.

பெர்த்திலிருந்து ஃபிலிப்பா விட்லாக் எழுதினாள்:
கென்யாவில் நாக்குரு பக்கம் மூவாயிரம் ஏக்கர்,
கோதுமை, கறவை மாடு.
அறுபத்துமூன்றில் விற்றுவிட்டுக் கிளம்பினோம்.
கொள்ளுத்தாத்தா எட்கர், குதிரைக்கு லாடம் அடித்த சார்ஜென்ட்,
உங்கள் ஊரில் இருபது வருஷம் இருந்திருக்கிறார்.
மனைவி வைடா மூனி, ஐரிஷ்காரி.
அயர்லாந்தில் எந்த ஜில்லா என்றுதான் தெரியவில்லை.
அது கிடைத்தால் எங்கள் மரம் முழுசாகிவிடும்.

கூடவே ஒரு படம்.
தகரக் கூரை, நாய்கள், நாற்காலிகளில் குடும்பம்.
வைடா மட்டும் தொப்பியின் நிழலுக்குள்
முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள்.
பின்னால் பதினோரு ஆண்கள், வெறுங்காலோடு,
கையில் அரிவாளோடு.
வாசலில் பண்ணையின் பெயர்ப்பலகை: அல்சூர்.
கிக்குயு வார்த்தையாம்.
தண்ணீர் நிற்கும் இடம் என்று அர்த்தமாம்.

என் பஸ் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.
ராணுவத்துப் பையன்கள் துடுப்புப் போடுவார்கள்,
கரையில் போன வருஷப் பிள்ளையாரின் வைக்கோல்.
அர்த்தம் ஒன்றும் தப்பில்லை.

சர்ச் குமாஸ்தா ஏசுவடியான்
புளிசாதம் முடித்து, கை துடைத்து, பீரோவைத் திறந்தார்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு, ஐப்பசி மழைக்காலம்,
பாதிரியின் மசி காபிக் கறை நிறத்தில்:
மணமகன் எட்கர் விட்லாக்.
மணமகள் வேதமணி, வயது பதினேழு.
தகப்பன் பெயருக்கு ஒரு கோடு.
இருப்பிடம் பிளாக்பள்ளி.

மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில்
வேதா ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், நடுவே இடைவெளி.
மூன்றாவது பிள்ளைக்குள் வேதா வைடாவாகிவிட்டாள்.
மணியை இங்கிலீஷ்காரன் எழுதியபடி படித்தால் பணம்.
ஃபிலிப்பா அனுப்பிய கப்பல் காகிதத்தில்,
பம்பாய், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு,
குதிரை ஆறு, பிள்ளை நாலு,
மிஸஸ் வைடா, பிறந்தவீட்டுப் பெயர் மூனி.
யாரோ ஓர் 'ஓ' சேர்த்திருக்கிறார்கள்.
ஒரே ஒரு சுழி,
அயர்லாந்து வந்துவிட்டது.

இருபத்தெட்டு வருஷம் டிரங்க் கால் போட்டவள் நான்.
தூரம் கூடக்கூடப் பெயர் தேயும், தெரியும்.
ஆனால் இது தேய்ந்ததா, அவளே தேய்த்தாளா?
வெள்ளைக்காரிக்குத்தான் அங்கே நிலம் என்று
யாராவது காதில் போட்டிருப்பார்கள்.

மாசாய்களை வடக்கே ஓட்டி ஒழித்த புல்வெளியில்
எங்கள் பிளாக்பள்ளிப் பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பெருமை மாதிரிகூட ஏதோ.
பிறகு அந்தப் பதினோரு பேரைப் பார்த்தேன்,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
அவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று பக்கம் எழுதினேன். நானூற்றைம்பது ரூபாய்.
அயர்லாந்து இல்லை, இன்ன தெரு, இன்ன ஏரி.
அடியில் ஒரு வரி:
பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்கள்
உங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

நாற்பது நாள் சத்தமே இல்லை.
அப்புறம் பணம் வந்தது, கூடவே ஒரே கேள்வி:
அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?

போனில் பதிவு பண்ணி அனுப்பினேன்.
முதல் தடவை ஆட்டோ ஹாரன்.
இரண்டாம் தடவை என் இருமல்.
மூன்றாவதில் எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்துக்கொண்டு,
நிறுத்தி நிறுத்தி:
வே. த. ம. ணி.
கடைசி எழுத்துக்கு மட்டும் நாக்கை மடிக்க வேண்டும், மேடம்.

பின்வரிசையைப் பற்றி அவள் எழுதவில்லை.
அந்த வரிக்கு நான் காசும் போடவில்லை.