கரடிக்கு இடம்

இருநூற்றுப் பதினாறு சட்டகங்கள்.
நொடிக்கு இருபத்து நான்கு, ஆக ஒன்பது நொடி.
ஒன்பது நொடிக்கு ஒன்பது நாள் தந்திருந்தார்கள்.
பதினோராம் நாளும் நான் அதற்குள்தான் இருந்தேன்,
மைல் எண்டில், ஒரு பழைய தையல் ஆலையின் நான்காம் மாடியில்,
ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி.

காட்சி இதுதான்:
பனிக்காட்டில் ஒருத்தி கரடியைக் கட்டிப்பிடித்து அழுகிறாள்.
கரடி இன்னும் பிறக்கவில்லை.
அது நிற்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிற இறுக்க உடுப்போடு ஓர் ஆள்.
ஒரு கையில் கோல், கோல் நுனியில் பஞ்சுத் தலை,
உடம்பெல்லாம் ஒட்டுப்புள்ளி.
அவரை இல்லாமல் ஆக்குவது என் வேலை.

அவருக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய மரங்களை
வேறொரு எடுப்பிலிருந்து வெட்டி வருவேன்.
பனியைப் பனியால் மூடுவேன்.
அவர் விட்ட மூச்சின் புகையைத் துடைப்பேன்.
காலடித் தடங்களையும்
(கரடி சப்பாத்துப் போடாது).

அழிக்கிறதென்றால் சும்மா இல்லை,
உற்றுப் பார்க்கவேண்டும்.
அவருடைய மனைவி, இருந்தால்,
அவளும் இப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.
பிடரியில், உடுப்பு முடிகிற இடத்தில்,
மிளகு மாதிரி இரண்டு மச்சம்.
எழும்புவதற்கு முன் ஒரு பெருமூச்சு,
பிறகு இடது முழங்கால், பிறகுதான் மற்றதெல்லாம்.
நூற்று முப்பத்தோராம் சட்டகத்தில்
கண்ணை மூடுகிறார்.
மூடச்சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
கமரா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கோட்டின் முதுகில்
அவருடைய கை அழுத்திய பள்ளம் ஒன்று மிஞ்சியது.
எடுக்கவா என்று கேட்டேன்.
ஒடீல் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்
ஐந்து தரம் ஓட்டிப் பார்த்தாள்.
"விடு. கரடிக்கு அது வேணும்."

அம்மா போனில்:
"அந்தக் கரடி நீ செய்ததோ?"
இல்லையம்மா, கரடி வேற ஆக்கள்.
கரடி நிற்க இடம் ஒதுக்கினது நான்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதுக்குச் சம்பளம் தருவினமோ?"
தருவினம். மே மாதம் வரைக்கும்.

ஜனவரியில் ஒரு நாள், மைனஸ் இருபத்திரண்டு,
எண்பதாம் இலக்க பஸ், பார்க் அவெனியூ.
எனக்கு முன் இருக்கையில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர்,
மடியில் பூனைமண் மூட்டை, பத்துக் கிலோ.
தொப்பிக்கும் சால்வைக்கும் நடுவே
மிளகு இரண்டு.

மச்சம் யாருக்கும் இருக்கலாம்.
மொன்ரியலில் எத்தனை பிடரி.
கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டு,
பெர்னார் தெருவரை நான் என்னோடு வாதாடினேன்.
அப்போது அவர் மணிக்கயிற்றை இழுத்தார்.
பெருமூச்சு.
இடது முழங்கால்.
கரடி எழுந்தது.

சொல்லியிருக்கலாம்.
வணக்கம், உங்களை அழித்தது நான்தான்,
பதினோரு நாள் எடுத்தது, நீங்கள் லேசில் போகவில்லை.
என் பிரெஞ்சில் அது கொலைமிரட்டல் போல இருக்கும்.
கண்ணை ஏன் மூடினீர்கள் என்றாவது கேட்டிருக்கலாம்.
மூட்டை என் தோளில் இடித்தது.
"பர்தோன்," என்றார்,
என்னைப் பார்க்காமல்.
எனக்கு ஏனோ முகம் சுட்டது.

அவர் தலை சாய்ந்திருந்த இடத்தில் மட்டும்
கண்ணாடியின் உறைபனி உருகி
ஒரு தட்டளவு தெரு தெரிந்தது.
அதற்குள் அவர்,
மூட்டையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு.
பின்னால் புதுப்பனியில் சப்பாத்துத் தடங்கள்,
இடது கொஞ்சம் இழுத்தபடி.
பஸ் சிவப்பு விளக்கில் நின்றது.
எண்ணத் தொடங்கினேன்.
பதினான்கு, பதினைந்து.
ஒன்றையும் தொடவில்லை.

என் தரிப்பிடம் எப்பவோ போய்விட்டிருந்தது.