சங்கு

வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பவன் நான்.
நாலு மணிக்கு முதல் சங்கு.
சிவப்புக் கொடியோடு நாலு திசைக்கும் ஆள் போகும்.
சித்தாயியின் ஆடுகள் எட்டும் ஓடை தாண்டிய பிறகுதான்
இரண்டாம் சங்கு.
வெடித்து, தூசி அடங்கி,
துளை துளையாக நான் நடந்து பார்த்த பிறகு மூன்றாவது.
அது ஊதினால் வீட்டுக்குப் போகலாம்.

ஒருநாள் ஏழுதான் தாண்டின.
எட்டாவது, ஒரு பொட்டைக்குட்டி,
துளைகளுக்கு நடுவில் நின்று
வயர் சுற்றிவந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
இருபது நிமிடம் கை கட்டி நின்றேன்.
ஒரு ஆட்டுக்கா மாரப்பா, என்றார் மேனேஜர்.
ஆமாங்க. ஒண்ணுக்குத்தான்.

பவதாரணியை டாக்டருக்குப் படிக்க கீவ் அனுப்பினேன்.
கருப்பூர் பக்கம் இருந்த அரை ஏக்கர்
இரண்டாம் வருட ஃபீஸோடு தீர்ந்தது.
சண்டை தொடங்கிய வாரம் ஃபோனில் கேட்டேன்,
எங்க சாமி இருக்கே?
"உன்ன மாதிரிதாம்ப்பா. சுரங்கத்துல."
ரயில் நிலையத்துப் படிக்கட்டில் படுத்திருந்தாள்.
கேன்டீன் பையன் அன்றைக்குத்தான்
என் ஃபோனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தான்.
அந்த ஊர் வானத்தை நோக்கி ஏதாவது கிளம்பினால்
என் சட்டைப்பையில் சங்கு ஊதும்.

பத்து நாளில் மகள் வந்துவிட்டாள்.
இப்போது ஐந்து ரோட்டில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறாள்.
ஆப்பை நான் எடுக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
லாரிசா என்று ஒரு அம்மாள், ஏழாம் மாடி,
மகளுக்கு அறை வாடகைக்கு விட்டவர்.
எனக்குத் தெரிந்த கீவ் அவ்வளவுதான்.
வீடியோவில் ஒருமுறை
வெள்ளரி ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.
நான் மாவடு காட்டினேன்.
மேற்கொண்டு பேச இருவருக்கும் மொழி இல்லை.
முழங்கால் வலியோடு ஏழு மாடி இறங்க மாட்டாராம்,
சங்கு ஊதினாலும்.

இங்கே விடிகாலை ஐந்தரை, அங்கே ராத்திரி இரண்டு.
சேர்வராயன் மலையில் லாரி விளக்கு ஒன்று
கொண்டை ஊசி வளைவில் திரும்பும் நேரம்
தலைமாட்டில் அலறும்.
"யாருக்குய்யா சங்கு ஊதற?" என்று
ரத்தினா புரண்டு படுப்பாள்.
நான் எழுந்து உட்காருவேன்.

அங்கே வெடி போடுகிறவன் ஒருவன்,
சங்கு ஊதுகிறவன் வேறொருவன்.
எங்கள் தொழிலில் இரண்டும் ஒரே கை.
அவனுக்கும் மருந்தின் எடை தெரியும், தூரம் தெரியும்,
நொடிக்கணக்கு என்னைவிடச் சுத்தமாகத் தெரியும்.
ஓடை தாண்டாத எட்டாவதை
அவன் எங்கிருந்து எண்ணுவான்?

மார்கழியில் ஒருநாள் ஊதியபோது
தண்ணீர் குடிக்கப் போனேன்.
பாத்ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே
ஜன்னல் இல்லாத சந்தில்
பவதாரணி முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.
எத்தனை நாளா சாமி?
"நீ ஊத விடற நாளெல்லாம்."

அன்றே சத்தத்தை நிறுத்தினேன்.
இப்போது தலையணைக்கு அடியில்
வண்டு மாதிரி துடிக்கும். தாடையில் தெரியும்.

லேப்புக்குக் கிளம்பும்போது லாரிசாவுக்கு
ஒரு கேள்விக்குறி அனுப்புவாள்.
பதிலுக்கு ஒரு வெள்ளரிக்காய்ப் படம் வரும்.
பஸ் ஏறிவிடுவாள்.
நேற்று படம் வரவில்லை. ஒற்றை டிக்.
"சார்ஜ் இருக்காதுப்பா" என்றாள்,
செருப்பைக் கால் மாற்றிப் போட்டபடி.

நாலு மணிக்கு இருபத்திரண்டு துளை.
விரல் விட்டு எண்ணினேன்.
இருபத்தொரு சத்தம்.
தூசி வெள்ளையாக எழுந்து மலையை மறைத்தது.
ஒன்று வெடிக்காவிட்டால் யாரும் நடக்கக் கூடாது,
நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.
ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சித்தாயி கத்தினாள்,
ஆச்சாய்யா?
ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன், நில்லு.
மூன்றாம் சங்கின் பொத்தான்மேல்
மற்றக் கை.