அடித்தகடு

முதலில் வண்டிக்கு அடியில் ஒன்றுமில்லை.
எண்ணெய்த் தொட்டி
திறந்த வயிறாய்த் தொங்கியது.
நான் குனிந்து பார்த்ததில்லை.
யார் பார்க்கிறார்கள்
தன்னைச் சுமப்பதன் அடிப்பக்கத்தை?

வான் சைல் கணவாய் இறக்கத்தில்
ஒரு கல்.
பெரிய கல்லும் இல்லை.
'ணங்' என்றது, அவ்வளவுதான்.
திரும்பிப் பார்த்தால்
வந்த வழியெல்லாம் கறுப்பாய் ஒரு கோடு,
அதைத் தாண்டத் தயங்கி நிற்கும் எறும்புகள்.
இரண்டு இரவு அங்கேயே கிடந்தோம்.
செவிலி வெமூனா
வண்டியின் நிழல் நகர நகர
தடுப்பூசிப் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.
என்னோடு பேசவில்லை.

ஒப்புவோவில் மெக்கானிக் கவாரி
காரின் கீழிருந்தபடியே விலை சொன்னார்.
எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு தகடு,
கியர் பெட்டிக்கு ஒன்று,
டீசல் டேங்குக்கு, பின்னச்சின் உருண்டைக்கு,
பிரேக் குழாய்க்கு ஒரு இரும்பு உறை.
விளக்குக்கு? என்றேன்.
கம்பிவலை இருக்கிறது.
கண்ணாடிக்கு?
வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார்.
'எது வெளியே தெரிகிறதோ அது அடிபடும்.
எல்லாவற்றையும் மூடினால்
வண்டி நகராது, பீரங்கி ஆகிவிடும்.'
முன்பாதிக்கு மட்டும் காசு இருந்தது.
நாலு மில்லிமீட்டர் இரும்பு,
நாற்பது கிலோ.
கூட ஒரு பையன் ஏறியதுபோல:
பேசமாட்டான்,
டீசல் மட்டும் குடிப்பான்.

அதன்பின் கற்கள் அடிக்க அடிக்க
நான் சிரித்தேன்.
ஆற்றுப்படுகையில் வேண்டுமென்றே
பாறைமேல் ஏற்றினேன் என்று
வெமூனா இன்றும் சொல்கிறாள்.

அந்த வருடம் மழை பெய்தது.
மரியன்ஃப்ளுஸ் பள்ளத்தாக்கில்
ஏப்ரலில் புல் பானெட்டுக்கு மேல் நின்றது,
காய்ந்து, வெளிறி, விதையோடு.
படகுபோல அதில் போனோம்.
'யாரோ ரொட்டி சுடுகிறார்கள்' என்றாள்.
ஐம்பது கிலோமீட்டருக்கு
ஒரு வீடு கிடையாது.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்கள்.
நாங்கள் கட்டவில்லை,
ஆறு போல்ட் போட்டு முறுக்கியிருந்தோம்.
தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
அறுவடை முழுவதும் சேர்ந்து
பறவைக்கூடுபோல் அமுங்கிப் புகைந்தது.
கழற்றலாம் என்று ஸ்பேனரை மாட்டினால்
போல்ட் தலைகளைக்
கற்கள் தேய்த்து மழுக்கியிருந்தன,
நான் சிரித்த அதே கற்கள்.
குடிதண்ணீரைக் கீழிருந்து வீசினேன்.
கல்லை உள்ளே விடாத தகடு
தண்ணீரையும் விடவில்லை.

வெமூனா பெட்டியைத் திறந்தாள்.
எட்டுப் பனிக்கட்டிப் பைகள்.
ஒரு நொடி. ஒரே ஒரு நொடி
அவள் கை அவற்றின்மேல் நின்றது.
மூன்றை எடுத்துக் கத்தியால் கீறி
எஞ்சின் இடுக்கில் மேலிருந்து ஊற்றினாள்.
நான் பெட்டியின் கைப்பிடிக் கம்பியைப் பிடுங்கி வளைத்து
உள்ளே விட்டு இழுத்தேன்,
கரியும் புல்லும் மயிருமாய்.
மயிர் என்னுடையது, புருவம்.

குனேனே கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டு.
டார்ச் வெளிச்சத்தில் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
சூடு பட்டால் கறுக்கும் சின்னச் சதுரம்
இன்னும் வெளுப்பாகவே இருந்தது.
பதினொரு குழந்தைகள்.
எல்லாம் அழுதன,
ஒன்று மட்டும்
என் இல்லாத புருவத்தையே பார்த்தது.

கவாரி தகட்டைப் பார்த்துவிட்டு
எதுவும் சொல்லாமல் வெல்டிங் விளக்கை எடுத்து
கை நுழையும் அளவுக்கு
ஐந்து ஓட்டை வெட்டினார்.
'இதில் கல் நுழையாதா?'
'நுழையும்.'
'அப்புறம்?'
'புல் கீழே விழும்.'

விளக்குக்கு வலை இன்னும் போடவில்லை.
போன வாரம் இடது விளக்கு உடைந்தது.
மாற்றினேன், அரை மணி நேரம்.
புல்வெளியில் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி
முதுகை மணலில் வைத்து
வளைந்த கம்பியோடு உள்ளே போகிறேன்.
எங்கே கசிவு, எங்கே கீறல்,
எந்த ஓட்டையில் நேற்றைய முள்
எல்லாம் தெரியும்.

மேலே, கைப்பிடி இல்லாத பெட்டியை
மடியில் அணைத்தபடி
வெமூனா கேட்கிறாள்:
'இருக்கிறதா?'
கொஞ்சம் இருக்கிறது, என்கிறேன்.
எப்போதும் கொஞ்சம் இருக்கிறது.