வெறும் லோரியின் எடை

பாடாங் செராயில் மழை விட்ட ராத்திரிகளில்
ஆலைப் புகை தரைக்கு இறங்கிச் சட்டையில் உட்காரும்.
அந்த நாற்றம் பிடித்த கையால்தான்
உறையை முதலில் தொட்டேன்.

பேப்பர் லாமா லோரியில்
பால் டின்னுக்கும் உடைந்த காற்றாடிக்கும் நடுவே
முகம் கவிழ்ந்து கிடந்தது.
பட்டர்வொர்த் விமானத் தளத்து ஆஸ்திரேலியன் எவனோ
ஊர் திரும்பும்போது விட்டுப் போயிருப்பான்.
மடிப்பு உறை, சொரசொரத்த அட்டை,
அடியோரத்தில் அச்சகத்தின் பெயர்:
மறுபதிப்புகளில் காணாமல் போன ஒற்றை வரி.
எழுபத்தொன்று. முதல் அச்சு.
மூன்று கிலோ பழைய தாளோடு சேர்த்து நிறுக்கச் சொன்னேன்,
கை நடுங்கியது லோரிக்காரனுக்குத் தெரியாதிருக்க.

வீட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து
கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே
பாட்டில்லாத கறுப்பு வளையத்தைப் படித்தேன்.
தெரிந்தவர்களுக்கு ஜாதகம் அங்கேதான்.
நான்காம் அச்சு.
லேபிள் பச்சை; சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.
சட்டை மாப்பிள்ளையுடையது, உள்ளே ஆள் வேறு.

நான் செம்பனை ஆலையில் நிறுவைக் கிராணி.
லோரி குலையோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு ஏறும், இன்னோர் எண்.
கழித்த மிச்சத்துக்குத்தான் பணம்.
பதினாறு வருஷமாய்ச் சுமப்பதன் எடையைக் கழிக்கிறேன்.
வீட்டில் மட்டும் முடியவில்லை.
"போன்ல சும்மா வருதேக்கா" என்கிறாள் குமுதவல்லி.
வரும். பாட்டு வரும்.

இரண்டு வருஷம் போனபின்
டயர் கடை கோக் வீ
வெள்ளைத் தாளிலிருந்து ஒன்றை உருவினான்.
சிவப்பு லேபிள். வளையத்தில் ஒன்று என்ற எண்,
பக்கத்தில் செதுக்கியவன் கிறுக்கிய குட்டி நட்சத்திரம்.
நாலு டயர் கடனுக்கு ஈடாக, அட்டையில்லாமலே வந்ததாம்.
லேபிளில் நீல மையில் இரண்டெழுத்து.
என் உறையின் உள்மடிப்பிலும்
அதே நீலம், அதே சாய்வு.

எண்ணூறு வெள்ளி என்றேன்.
"தாக் ஜுவால்."
என் உறைக்கு ஆயிரத்து இருநூறு என்றான்.
தாக் ஜுவால், நானும்.
விற்காமலிருக்க
எங்களுக்குத் தெரிந்த மலாய் போதுமாயிருந்தது.

அதனால் மாதக் கடைசி ஞாயிறு
இரும்புக் கதவைப் பாதி இறக்குவான்.
நான் உறையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டு போவேன்,
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு.
ஊசி இறங்கும். முதலில் இரைச்சல், பிறகு கிட்டார்,
சுவரில் ஸ்பேனர்கள் ஒன்றையொன்று உரசும்.
முதல் அச்சில் மூன்றாம் பாட்டுக்கு முன்னால்
டிரம்ஸ்காரனின் முக்காலி கிரீச்சிடும்.
நான்காம் அச்சில் அது இல்லை, நூறு தடவை கேட்டிருக்கிறேன்.
அது தன் கடை நாற்காலி என்கிறான் கோக் வீ.

எதிர்வரிசையில் பையன்கள் உறுமி பழகுகிறார்கள்.
ஒரு நாள் எட்டுத் தாளம்
அவர்களும் இவர்களும் ஒன்றாய் விழுந்து
பிரிந்து போனார்கள்.

எல்லாம் முடிந்ததும்
தட்டை அவனே என் உறைக்குள் இறக்குவான்.
ஒரு தே ஓ ஆறும் நேரம் அங்கே இருக்கும்.
பிறகு உருவிக்கொள்வான்.

போன ஞாயிறு உருவவில்லை.
தெருவுக்கு வந்த பிறகுதான் கனம் உறைத்தது.
மழைக்குடைக்குள் அதை இன்னும் நெருக்கிப் பிடித்து
பெட்ரோல் நிலையம் வரை நடந்தேன்.
விளக்கடியில் நின்றேன்.
திரும்பினேன்.

கதவு இன்னும் பாதியில்தான் இருந்தது.
அடியில் அவன் செருப்பு, வாசலைப் பார்த்தபடி.
"எது வரை போனாய்?" என்றான்.
பெட்ரோல் நிலையம்.
"நான் பாலம் வரை என்று நினைத்தேன்."