பற்று நோட்டு

ஹாரன் அடித்தால் போதும்.
குதைபியாவில் எங்கள் கோல்ட் ஸ்டோர் வாசலில்
கார் கண்ணாடி இறங்கும் முன்பே
சஃபூரா போய் நிற்பாள்,
ஒரு கையில் லபன், மறு கையில் குப்ஸ்.
யார் எதைக் கேட்டாலும் அவள் கொடுப்பது அதுதான்.
பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ரஜப் பிறந்த வாரம் ஒரு சாயங்காலம்
ஹாரன் கேட்டும்
அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தே இருந்தாள்.
மறுபடி அடித்தது.
சோம்பல் என்று நினைத்து
அதட்டினேன்.
அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு மாடிப்படியை
ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறங்கினாள்.
சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
விடிகாலையில் குழாயை
முழங்கையால் தள்ளித் திறந்தாள்.
தொழுகையில் என் பக்கத்தில் தொப்பென்று விழுகிறவள்
நின்றபடியே உள்ளங்கையை
நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.
வலிக்குதாம்மா?
"ஒண்ணுமில்ல."

அது என் சொல்.
வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்கு ஃபோன் போட்டு
நான் சொல்கிற சொல்.
நாக்குப் புரளாத பிள்ளை, பத்து வயதில்
பிசிறில்லாமல் கற்றுக்கொண்டது
என்னிடமிருந்து அது ஒன்றைத்தான்.

முதல் டாக்டர் தட்டைப் பாதம் என்றார்.
அடுத்தவர் எடை.
மூன்றாமவர் நல்லவர், குரலைத் தாழ்த்தி,
"டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் இப்படித்தான்."
இப்படி என்றால் எப்படி?
கேட்க என் இங்கிலீஷ் போதவில்லை.
தமிழிலும் போதாது.

நர்ஸ் ஓர் அட்டையை நீட்டினாள்.
ஆறு வட்ட முகங்கள்:
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்.
எந்த முகம் போல வலிக்குது, மோளே?
சஃபூரா அட்டை முழுவதையும் தடவிப் பார்த்தாள்.
வீங்கிய விரலை
சிரிக்கிற முகத்தில் வைத்தாள்.
அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.
ஃபைலில் பூஜ்யம் விழுந்தது.

மூன்று முறை போனோம்.
மூன்று பூஜ்யம்.
இன்ஷூரன்ஸ் அப்ரூவலுக்கு அலைந்தே
அவள் வாப்பாவின் செருப்பு வார் அறுந்தது.

ஒரு ராத்திரி ஏசியை அணைக்கச் சொல்லி அழுதாள்.
"கால் கோவமா இருக்கு" என்றாள்.
"என் மேல இல்ல. சும்மா கோவம்."
மூட்டில் கை வைத்தேன்.
அப்போதுதான் இறக்கிய ரொட்டி போலச் சுட்டது.

அன்றைக்குத்தான் கடையின் பற்று நோட்டைப் பிரித்தேன்.
பன்னிரண்டாம் ஃபிளாட், முட்டை ஒரு தட்டு.
தையல்கார பாய், ரீசார்ஜ் ஒரு தினார்.
சஃபூரா, திங்கள், இரண்டு கார்.
செவ்வாய், கார் இல்லை.
புதன், காலையில் இல்லை, அசருக்குப் பிறகு நாலு.
வியாழன், ஒரு கார், பாதி வழி.

நாற்பத்தோரு நாள் கணக்கை
சல்மானியாவில் புதிதாய் வந்திருந்த
சூடான் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன்.
ஒரு வரி படிக்கத் தெரியாமல்
பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
இது என்ன, கார்களா? என்றாள்.
விளங்கச் சொன்னேன், பாதி ஹிந்தியில், மீதி கையால்.

அவள் அட்டையை எடுக்கவில்லை.
சஃபூராவின் மணிக்கட்டைப் பிடித்து
மெல்ல அழுத்தினாள்,
முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தபடி.
முகம் சிரித்துக்கொண்டிருந்தது.
செருப்புக்குள் கால்விரல்கள் பத்தும்
சுருண்டன.

பெயர் இன்னும் கிடைக்கவில்லை.
ரத்தம் சுத்தமாம், இரண்டாவது தடவையும்.
ஸ்கேனுக்கு அடுத்த மாதம் தேதி.
"ஆனால் வலி இருக்கிறது" என்று
ஃபைலில் எழுதிவிட்டு எனக்கும் படித்துக் காட்டினாள்.
வெளியே வந்து பார்க்கிங்கில்
வெயிலென்றும் பாராமல் நின்றேன்.
இருக்கிறது.
ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

இப்போது காலையில்
காலி லபன் வாளியில் வெந்நீர்.
கால் ஊறும்வரை கடைக்கணக்கு அவள் மடியில்;
பேனா மட்டும் என்னிடம்.
இன்றைக்கு எத்தனை கார்?
யோசிக்கிறாள். வானத்தைப் பார்க்கிறாள்.
"ரெண்டு. இல்ல, ஒண்ணு. பெரிய கார்."

வாசலில் ஹாரன்.
நான் எழுந்தேன்.
அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்,
வாளிக்குள் நின்றபடியே
ஐந்து விரலையும் கூட்டி, மேல் நோக்கி, இந்த ஊர்க்காரி போல,
காரைப் பார்த்துச் சொன்னாள்:
"சுவய்யா. சுவய்யா."

வண்டி இன்ஜினை அணைத்தது.