தொழில்: கண்டக்டர்

தொழில் என்ற கட்டத்தில்
கண்டக்டர் என்று எழுதிக் கொடுத்தார் அந்த வெள்ளைக்காரர்.
எந்த டிப்போங்க என்றாள் வரவேற்பில் செவ்வந்தி.
கேலியில்லை.
அஸ்தம்பட்டியில் எங்களிடம் வரும் கண்டக்டர்கள்
ஏற்காடு வண்டியிலிருந்துதான் இறங்கி வருவார்கள்.

எத்தோரே வால்சேக்கி, வயது எழுபத்தொன்று.
வலது தோள், தொண்ணூற்றிரண்டு டிகிரியில் நின்றுவிடுகிறது.
மலைமேல் சிநேகிதரின் காப்பித் தோட்டத்தில்
மூன்று மாத ஓய்வு.

ஜெல் தடவி அழுத்த அழுத்த ஊர்கள் வெளிவந்தன.
கழுத்தருகே முடிச்சு த்ரியெஸ்தே,
ஒத்திகை அறையில் பியானோ வாசித்த ஆறு வருடம்.
எலும்பின் விளிம்பில் மோன்டெவிடியோ:
பெரிய கண்டக்டருக்கு வயிற்றுப்போக்கு,
இருபத்தாறு வயதில் இரவல் கோட்டோடு ஏறியவர்
நாலு மணி நேரம் கையை இறக்கவில்லை.
ஆஸ்லோ. கெய்ரோ. ஒசாகாவில்
ஒரு பாடகி கடைசிவரை இவரைப் பார்க்கவே இல்லை.
அந்த இடம் இன்னும் தொட்டால் வலிக்கிறது.

அடுத்த கட்டிலில் மாதையன்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
மேல்கம்பியைப் பிடித்தே பத்தொன்பது வருட சர்வீஸ்.
இருவரும் சுவரில் விரல்களால் ஏறினார்கள்,
பல்லிகள் மாதிரி,
நாளுக்கு அரை அங்குலம்.

வலது கை நேரத்துக்கு,
இடது கை பாடுகிறவர் மூச்சுக்கு என்றார் எத்தோரே.
தமிழில் சொன்னேன்.
எனக்கு வலது சில்லறைக்கு, இடது கம்பிக்கு என்றார் மாதையன்.
இங்கிலீஷில் சொன்னேன்.
ஒரு விசில் நிக்க, ரெண்டு விசில் போக.
டிரைவர் காதில் விழாவிட்டால்?
கண்ணாடியில பாப்பாருங்க.
பார்க்காவிட்டால்?
ஒருதடவ பாக்கல என்றார் மாதையன்,
பதிமூணாவது வளைவுல.
மேலே சொல்லவில்லை.
எத்தோரேயும் கேட்கவில்லை.

அக்டோபரில் லியோனுக்கு அழைப்பு.
நூற்றிருபது வேண்டும் என்று கெஞ்சினார்.
நூற்றெட்டுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

நவம்பரில் ஒரு படம் வந்தது.
தூரத்து வெளிச்சத்தில் நாற்பது பேர் வாய் திறந்திருக்க
இவருக்கு முதுகு மட்டும், தலைக்குமேல் கை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கறுப்புக் கோட்டுக்குள் தோள்பட்டை எலும்பு
புடைத்து மேலேறி நிற்கிறது.
கள்ளத் தூக்கல். பன்னிரண்டு டிகிரி திருட்டு.
செய்யவே கூடாதென்று தினமும் தலையில் அடித்துக்கொண்டது.

மாதையனுக்கு அனுப்பினேன்.
வண்டி ரொம்பிருச்சாட்டம் இருக்குதே என்று பதில்,
அடிவாரம் செக்போஸ்டிலிருந்து.
நீங்களும் இப்படித்தானே தூக்குறீங்க என்று கேட்டேன்.
ஒற்றை டிக்கோடு நிற்கிறது.
வளைவுக்குள் போயிருப்பார்.