பால் என், பால் எம்

இந்த ஊரில் எல்லை என்பது
தெரு நடுவே ஒரு வெள்ளைக் கோடு.
அதையும் மழைக்காலத்தில் லாரிச் சக்கரங்கள் தின்றுவிடும்.
தெற்கே ரிவேரா, உருகுவே.
வடக்கே லிவ்ரமெந்தோ, பிரேசில்.
மாவு எந்தப் பக்கம் மலிவோ
அந்தப் பக்கம் நடப்பார்கள்.

ரிவேராவின் வரியில்லாக் கடையில்
ரிவேராக்காரர்களுக்கு விற்கமாட்டார்கள்.
சுல்மா வாசலில் நின்றாள்.
ஆடெமிர் தன் பிரேசில் அடையாள அட்டையை நீட்டி
ஒரு டிவி ட்யூனர் கார்டு வாங்கி வந்தான்.
போன வருடம் வங்கிகள் கதவை மூடிய மாதத்தில்
டிவியை விற்றுத் தின்றாயிற்று.
மிச்சம் இருந்தது
இறைச்சிக்கடைக் கணக்கு எழுதும் கணினி,
தொண்டையைச் செருமிக்கொண்டே சுற்றும் அதன் விசிறி.

பக்கத் தகட்டைக் கழற்றினார்கள்.
தூசி, ஒரு செத்த விட்டில்,
எப்போதோ காணாமல் போன தோட்டின் திருகாணி.
மோடத்தைப் பிடுங்கினால்தான் இடம்.
பிடுங்கினார்கள்; தொலைபேசியே இல்லாத வீட்டில்
அது யாரிடம் பேசப்போகிறது?
கார்டு பாதி இறங்கி முரண்டு பிடித்தது.
ஆடெமிர் கட்டைவிரலால் அழுத்த
'கிளுக்' என்றது,
கார்டா விரலா என்று உடனே தெரியவில்லை.

குறுந்தகட்டில் கீறல்.
நான்கு முறை நீலத் திரை.
ஐந்தாவது முறை கணினி பணிவாகக் கேட்டது:
எந்த நாடு?

பட்டியலில் உருகுவே இல்லை.
கென்யா இருந்தது, மால்டா இருந்தது.
"அர்ஜென்டினாவைத் தொடு" என்றான் அவன்.
பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டாள்.
படம் வந்தது, நிறம் வரவில்லை.
சாம்பல் பூசிய வானிலைக்காரி
சாம்பல் மழை பெய்யும் என்று
சத்தமே இல்லாமல் சொன்னாள்.

சத்தம் கிடைத்தது சுல்மாவால்.
கார்டிலிருந்து ஒலி அட்டைக்கு ஒரு குட்டி வயர்,
பிறகு திரை மூலையில்
'ஊமை' என்ற கட்டத்தில் யாரும் பார்க்காத ஒரு டிக்.
எடுத்தாள். வீடே அதிர்ந்தது.

நிறம் இன்னும் உள்ளே இருந்தது.
நாட்டை விட்டுவிட்டு முறையைத் தேடினால்
பால் என் என்று ஒன்று: உருகுவே சிவந்தது, பச்சையானது.
ஆனால் பிரேசில் அலைவரிசைகள்
குரல் சுத்தமாக, முகம் மட்டும்
மாடிப்படியில் உருளும் பாத்திரம் மாதிரி.
அதற்கு வேண்டியது பால் எம்.
அவர்களுக்கு அவை வெறும் எழுத்துகள்.
தமிழில் எழுதுகிற எனக்குத்தான்
ஒன்று என்னுடையதாகவும் மற்றது எம்முடையதாகவும் கேட்டு
சிரிப்பு வருகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் ஆகாது.
மாற்ற வேண்டுமென்றால் மூடித் திறக்க வேண்டும்,
திறக்கையில் மூன்றுக்கு ஒரு முறை கணினி செத்துப்போகும்.
எட்டு மணி வரை அவள் நாடு,
அதற்கு மேல் அவன் நாடு,
நடுவில் கணினி உயிர்த்தெழும்வரை
அடுக்களையில் மாத்தே.

ஞாயிறு இரு நாடுகளும் மோதும் ஆட்டம்.
எந்தப் பக்கத்து வர்ணனை?
காசு சுண்டினார்கள்; பெசோவா ரெயாலா என்று
அதற்கும் ஒரு சண்டை.
அவன் வென்றான்.
'நிறுத்திப் பார்க்கும்' வசதியைப் போட்டும் வைத்தான்,
கோலைத் திரும்பப் பார்க்கலாமே என்று.
பாவம் அந்தப் பழைய பெட்டி,
பார்ப்பதை எழுதி, எழுதியதைப் படித்து,
ஊரைவிட ஐந்து விநாடி பின்தங்கி ஓடியது.
அதை யாரும் கவனிக்கவில்லை,

எழுபத்தெட்டாவது நிமிடம் வரை.
திரையில் பந்து மைதான நடுவில்
யாரோ ஒருவன் காலடியில் சும்மா கிடந்தது.
அப்போது
ஒரு சன்னல் வழியாக மட்டும்
ஒரு முழு நகரம் கத்தியது.

வடக்குச் சன்னலா தெற்கா,
இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.
இரண்டு பேரும் திரும்பவில்லை.
சுல்மா மாத்தேக் குடுவையை நீட்டினாள்,
ஆடெமிர் வாங்கிக்கொண்டான்.
திரையில் அவன் இன்னும்
பந்தை உதைக்கவில்லை.